தாள், பெட்டி, கணினி, வகுப்பறை: பிள்ளைகளுக்கு உள்ளக வடிவமைப்பைக் கற்பிக்க எது பொருத்தம்?

உள்ளக வடிவமைப்பு என்று கரும்பலகையில் எழுதியதும் தரம் 7 பிள்ளைகள் திரைச்சீலையையும் சுவர்ப்பூச்சையும் பிளாஸ்ரிக் பூச்சாடியையும் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அது பிழையில்லை; ஆனால் அது பாடத்தின் கடைசிப் பகுதி. ஓர் அறைக்குள் யார் என்ன செய்கிறார்கள், அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தால் வெளிச்சம் வருகிறது, ஒருவர் நடந்து போவதற்கு இன்னொருவர் எழும்ப வேண்டியிருக்கிறதா என்பவற்றுக்கெல்லாம் விடை கண்ட பிறகே நிறத்துக்கும் துணிக்கும் முறை வரும். இந்த வரிசையைப் பிள்ளைகளின் மனத்தில் பதிய வைக்க எந்த வழி கூடுதலாக உதவுகிறது என்பதையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளுக்குச் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடத்தோடு இணைத்து நான்கு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். வரைபுத்தாளில் வீட்டின் தளப்படத்தை, அதாவது மேலிருந்து பார்த்தால் தெரியும் சுவர்களின் அமைப்பை, வரைந்து, தளபாடங்களைத் துண்டுகளாக வெட்டி அதன் மேல் நகர்த்துவது ஒன்று. காட்போட் பெட்டியில் அறையின் மாதிரியைச் செய்வது இன்னொன்று. கணினியில் இலவச மென்பொருளைப் பயன்படுத்துவது மூன்றாவது. உண்மையான ஓர் அறையையே அளந்து மாற்றி அமைப்பது நான்காவது. ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால் நான் தயங்காமல் தாளையே எடுப்பேன். அதற்கான காரணம் செலவு மட்டுமன்று.

முதலில், எந்த வீட்டை வைத்துக் கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். போருக்குப் பின்னர் இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46,000 குடும்பங்களுக்கு வீட்டுத்திட்டம் வழங்கப்பட்டது. புதிதாகக் கட்டியவர்களுக்குக் கட்டங்கட்டமாக 550,000 ரூபா கிடைத்தது. வீட்டின் பரப்பு 550 சதுர அடியளவில் இருந்தது. இரண்டு அறைகள், ஒரு மண்டபம், ஒரு குசினி என்ற அந்த அமைப்பை, கிளிநொச்சியும் அடங்கிய எங்கள் வன்னியில் அறியாத பிள்ளை இல்லை எனலாம். சொந்த வீடு அப்படி இல்லாவிட்டாலும் பெரியம்மா வீடோ பக்கத்து வீடோ அப்படித்தான் இருக்கும். வகுப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு தளப்படம் இவ்வாறு கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது ஆசிரியருக்குப் பெரிய வசதி. ஒரே சுவர்களுக்குள் ஐந்து பேர் உள்ள குடும்பம் எப்படி இருக்கும், அம்மம்மாவும் பேத்தியும் மட்டும் இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று கேட்கும்போதுதான், வடிவமைப்பு சுவரிலிருந்து தொடங்குவதில்லை, அங்கே வாழ்பவர்களிடமிருந்து தொடங்குகிறது என்பது பிள்ளைகளுக்கு விளங்குகிறது. இலங்கையின் முன்னோடிப் பெண் கட்டடக் கலைஞரான மினெட் டி சில்வா, 1950களின் பிற்பகுதியில் கண்டியின் வட்டபுலுவ குடியிருப்பை வடிவமைத்தபோது, அங்கே குடியேறப் போகிறவர்களிடம் அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தே வேலை செய்தார் என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

இனித் தாளுக்கு வருவோம். கணித பாடத்தில் அளவிடைப் படங்களைக் கற்கும் பிள்ளைகளுக்கு 1:50 என்ற அளவிடை சிரமமாக இருப்பதில்லை: வீட்டில் ஒரு மீற்றர் தாளில் 2 சென்ரிமீற்றர். 550 சதுர அடி வீடு ஏறத்தாழ 51 சதுர மீற்றர் என்பதால், முழு வீடும் ஓர் ஏ4 தாளின் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மிகுதி இடத்தில் குறிப்பெழுதலாம். கட்டில், அலுமாரி, மேசை, கதிரை, தையல் இயந்திரம், தண்ணீர்க் குடம் வைக்கும் வாங்கு ஆகியவற்றை வேறொரு மட்டையில் அதே அளவிடையில் வெட்டிக்கொள்ள வேண்டும். சுவர்களை மையினால் வரையச் சொல்வது முக்கியம். பென்சிலில் வரைந்தால் இடம் போதாதபோது சுவரை அழித்துத் தள்ளி வரைந்துவிடுவார்கள்.

துண்டுகளை அடுக்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது போலத் தோன்றும். அப்போது 1.8 சென்ரிமீற்றர் அகலமான ஒரு கடதாசிக் கீலத்தைக் கொடுத்து, வாசலில் இருந்து குசினி வரைக்கும், அறைக் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வேன். அது 90 சென்ரிமீற்றர் நடைபாதை. எங்கே கீலம் தட்டுப்படுகிறதோ அங்கே ஆள் உடம்பைத் திருப்பித்தான் போக வேண்டும். கீலத்துக்கு அடுத்தது சோடா மூடி. அதன் விட்டம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். 1:50 அளவிடையில் அது 150 சென்ரிமீற்றர், அதாவது சக்கர நாற்காலி ஒன்று முழுவதுமாகத் திரும்புவதற்குத் தேவையான வட்டம். மூடியை மண்டபத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். சக்கர நாற்காலியோடோ ஊன்றுகோலோடோ வாழும் ஒரு சித்தப்பாவை, ஓர் அயலவரை அறியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் அரிது. அந்த மூடி சுற்றுவதற்கு இடம் கிடைக்கும் வரை பிள்ளைகள் யாரும் கேட்காமலேயே துண்டுகளை மறுபடி மறுபடி நகர்த்துகிறார்கள். இத்தனை வருடங்களில் நான் கண்ட கற்பித்தல் சாதனங்களுள் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

தாளின் குறையும் தெளிவானது. அதில் உயரம் இல்லை. அலுமாரி யன்னலை மறைக்கிறது என்பதோ, மேசை நடுச்சுவரில் இருந்தால் படிக்கும் பிள்ளையின் நிழல் கொப்பியில் விழும் என்பதோ தாளில் தெரியாது. வெளிச்சத்தைத் தாளில் அம்புக்குறியாகத்தான் காட்ட முடியும்.

அங்கேதான் பெட்டி மேலோங்குகிறது. 1:20 என்ற அளவிடையில் ஒரு மீற்றர் 5 சென்ரிமீற்றர் ஆகிறது. 3 மீற்றர் நீள அகலமுள்ள அறை 15 சென்ரிமீற்றர்ச் சதுரமாகிறது. இரண்டு நெருப்புப்பெட்டிகளை நீளவாக்கில் ஒட்டினால் ஏறத்தாழ ஓர் ஒடுக்கமான கட்டில் கிடைக்கும். கடைகளில் கிடைக்கும் பிஸ்கட் பெட்டி மட்டையே போதும். சுவரில் யன்னலையும் கதவையும் வெட்டி, 7.5 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு சிறு துளை இட்டால், அது தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திலுள்ள கண்மட்டம். பெட்டியை முற்றத்தில் சரியான திசைக்குத் திருப்பி வைத்து, கூரை மட்டையை மூடி, காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் துளையால் பார்க்கச் செய்தால் வெயில் எந்த மூலைக்குப் போகிறது என்பதை அவர்கள் கண்ணாலேயே காண்கிறார்கள். வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் சாய்ந்தும் மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம் சாய்ந்தும் நிற்கிறது. ஆனால் அறையைக் கொதிக்க வைப்பது பெரும்பாலும் மேற்குச் சுவரில் விழும் பின்னேர வெயில்தான். மேற்கு யன்னலோரத்தில் கட்டிலைப் போட்ட பிள்ளை, தன் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தானாகவே அதை மாற்றிவிடும். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்றுக்கு எந்த யன்னலைத் திறப்பது, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு எதை மூடுவது என்ற பேச்சும் பெட்டியைச் சுற்றி நிற்கும்போதுதான் இயல்பாக எழுகிறது.

நிறத்தைக் கற்பிப்பதற்கும் பெட்டிதான் ஏற்றது. ஒரே பெட்டிக்குள் வெள்ளைத் தாளையும் பிறகு கடுநீலத் தாளையும் சுவராக வைத்துப் பார்த்தால், சிறிய யன்னலுள்ள அறைக்கு ஏன் வெளிர் நிறம் பொருந்துகிறது என்று விளக்கவே தேவையில்லை.

என்றாலும் பெட்டி நேரத்தை விழுங்குகிறது. இரட்டைப் பாடவேளை ஒன்றில் தாளில் மூன்று வெவ்வேறு அமைப்புகளைச் செய்து பார்க்கலாம். பெட்டியில் சுவர் ஒட்டிக் காய்வதற்கே அந்த நேரம் போய்விடும். வெட்டும் கத்தியைத் தரம் 6 பிள்ளைகளின் கையில் கொடுக்க முடியாது; அவர்களுக்கு நான் யன்னல்களை வெட்டிக் கொடுக்கிறேன். இன்னொரு சிக்கல், கைவேலையில் கெட்டித்தனம் உள்ள பிள்ளையின் பெட்டி அழகாக வந்துவிடுவதால் அதுவே சிறந்த வடிவமைப்பு என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பசை வழிந்த ஒரு பெட்டிக்குள் மிகச் சிறந்த ஒழுங்கு இருந்ததை நானே ஒருமுறை கவனிக்காமல் விட்டிருக்கிறேன். முழு வீட்டையும் 1:20 இல் செய்தால் இரண்டு ஏ4 தாள் அளவு இடம் பிடிக்கும். நாற்பது பேருடைய மாதிரிகளை வைக்க அலுமாரி இல்லை. ஆகவே பெட்டியைக் குழுவுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று மட்டுப்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

கணினியை இங்கே குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. சுவீற் ஹோம் 3டி என்ற மென்பொருள் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது; ஒருமுறை பதிவிறக்கினால் இணைய இணைப்பு இல்லாமலே இயங்கும். இணையத்தில் இயங்கும் ஸ்கெச்அப் போன்ற மென்பொருள்களோடு ஒப்பிடும்போது, இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஒரு பாடசாலைக்கு இது பெரிய ஆறுதல். திரையின் மேற்பகுதியில் தளப்படத்தை வரைந்தால் அதன் கீழே முப்பரிமாணத்தில் அறை எழும்புவதைப் பார்த்துப் பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சி உண்மையானது. அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கொடுத்துத் திசையைத் திருப்பினால், குறித்த நாளில் குறித்த நேரத்துக்குரிய வெயிலோடு அறையின் படத்தை அது உருவாக்கித் தரும். முற்றத்தில் பெட்டியோடு மாலை வரை காத்திருக்க வேண்டியதை இங்கே சில நிமிடங்களில் காணலாம். பழைய கணினியென்றால் அந்தச் சில நிமிடங்கள் பல நிமிடங்களாகும்.

எனினும் தொடக்கநிலைக்கு அதை நான் ஏற்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இடம் நெருக்கமானதும் பிள்ளைகள் சுட்டியால் சுவரைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். 550 சதுர அடி வீடு அரைமணி நேரத்தில் மாளிகையாகிவிடும். எதை எங்கே வைப்பது, எதை விட்டுவிடுவது என்ற தீர்மானம் பிறப்பதற்கு முன்பே பிரச்சினை மறைந்துவிடும். தளப்படத்தைப் பூட்டிவைக்கும் வசதி அந்த மென்பொருளில் இருக்கிறது. ஆசிரியர் அதை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். மற்றது, அதன் தளபாடப் பட்டியலில் உள்ளவை நீண்ட சோபாக்களும் பெரிய கட்டில்களும்தான். சுருட்டி வைக்கும் பாயையும் நெல் மூடையையும் நான் அங்கே காணவில்லை. வெறும் பெட்டி வடிவம் ஒன்றை எடுத்து அளவை மாற்றி மூடையாக்கலாம். ஆனால் பட்டியலில் உள்ளதையே பிள்ளைகள் முதலில் இழுத்துப் போடுகிறார்கள், அந்தப் பட்டியல்தான் ஒரு நல்ல வீட்டின் இலக்கணம் என்றும் எண்ணிவிடுகிறார்கள். பத்துக் கணினிக்கு நாற்பது பேர் என்றால் சுட்டியைப் பிடிப்பவர் ஒருவர், பார்த்திருப்பவர்கள் மூவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தரம் 9 இல், தாளில் முடித்த ஒரு வடிவமைப்பைச் சரிபார்ப்பதற்கு இது மிக நல்லது.

உண்மையான அறையைப் பொறுத்தவரை, எந்த அறை என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நான் முதல் வருடம் எல்லோரையும் அவரவர் வீட்டை அளந்து வரச் சொன்னேன். ஒரு பிள்ளை மிக நேர்த்தியான தளப்படத்தைக் கொண்டு வந்தார். பிறகுதான் தெரிந்தது, அது அவருடைய வீடு அன்று, உறவினருடைய வீடு. அவருடைய குடும்பம் அப்போதும் தகரக் கொட்டிலில்தான் இருந்தது. அந்தப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது என்னுடைய வீட்டுவேலை. அன்றிலிருந்து ஒருவருடைய வீட்டையும் வகுப்பில் காட்டும்படி நான் கேட்பதில்லை. விரும்பியவர் தன் வீட்டுக்காக வரைந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பறையில் அந்தச் சங்கடம் இல்லை. அது எல்லோருக்கும் சொந்தம். அரைச்சுவர் கட்டிய வகுப்பறையில் மாரி மழைக்கு எந்த வரிசை நனைகிறது, எந்த இருக்கையிலிருந்து பார்த்தால் கரும்பலகை பளபளக்கிறது என்பதைப் பிள்ளைகள் ஆசிரியரைவிட நன்றாக அறிவார்கள். ஒவ்வொரு பாடவேளை மாறும்போதும் தரையில் வெயில் விழும் எல்லையைச் சோக்கால் வரைந்து நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், பாடசாலை விடும்போது முழு நாளின் வெயிலும் ஒரு படமாகச் சீமெந்துத் தரையில் கிடக்கும். அதன் பிறகு மேசைகளை மாற்றிப் போட்டு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம். தன் உடம்பால் சோதித்துப் பார்ப்பதற்கு இணையான சோதனை மற்ற மூன்று வழிகளிலும் இல்லை. குறை என்னவென்றால், நாற்பது மேசைகளை நகர்த்தும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரின் அனுமதி வேண்டும்; அத்துடன், ஒரு தவணைக்கு ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்ய முடியாது. கட்டில், குசினி, சாமி மூலை போன்றவற்றை வகுப்பறையில் கற்பிக்கவும் இயலாது.

ஆகவே தரம் 6 இலும் 7 இலும் தாளோடு தொடங்கி வகுப்பறையை மாற்றி அமைப்பதோடு நிறுத்துகிறேன். தரம் 8 இல் குழுவுக்கு ஒரு பெட்டி சேர்கிறது. தரம் 9 இல் கணினி. நேரம் மிகக் குறைவாக உள்ள ஆசிரியர் தாளையும் கீலத்தையும் சோடா மூடியையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

மதிப்பீட்டுக்கு ஒவ்வொருவரிடமும் ஒரே வீட்டின் இரண்டு படங்களைக் கேட்கிறேன். காலபோக அறுவடை முடிந்து மண்டபத்தில் நெல் மூடைகள் அடுக்கப்பட்டிருக்கும் நாட்களில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது ஒன்று. மூடைகள் விற்றுப் போன பிறகு எப்படி இருக்க வேண்டும் என்பது மற்றது. ஒவ்வொரு படத்துக்குக் கீழும், எதை யாருக்காக நகர்த்தினேன், எதை விட்டுவிட்டேன் என்று இரண்டு வசனங்கள் எழுத வேண்டும். மூடை நாட்களில் படிக்கும் மேசை எங்கே போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்த மேசையைக் காணாத படத்துக்கு, மற்றவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், முழுப் புள்ளி கொடுப்பதில்லை.