ஐயாயிரம் வருடத்துக் கற்கள்: போர்கரா, ஹாவெல்தேயா, ரோல்டேயா?

நெதர்லாந்தில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால், சுற்றிக்காட்டும் பட்டியல் மாறுவதே இல்லை. துலிப் தோட்டம், காற்றாலை, கீத்தோர்ன் படகு. அதோடு சரி. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ட்ரெந்தெ மாகாணம். ஓக் மரங்கள், வைக்கோல் கூரை வீடுகள், ஆள் நடமாட்டம் குறைந்த கிராமங்கள், அவற்றின் ஓரத்தில் 'ஹூனபெட்' என்கிற பெருங்கல் சமாதிகள். நம்மூர்த் தொல்லியலில் கல்திட்டை என்கிறோமே, அந்த வகை. நாட்டில் மொத்தம் 54. அதில் 52 ட்ரெந்தெவில்தான். பிரமிடுகளைவிடப் பழையவை. 'ஹூன' என்றால் ராட்சதன். 1660இல் யோஹான் பிகார்ட் என்ற பாதிரியார், இவற்றை ராட்சதர்கள்தான் கட்டினார்கள் என்று புத்தகத்திலேயே எழுதிவைத்தார்.

ஒரே நாள்தான் இருக்கிறது, எந்த ஊருக்குப் போவது? என் கணக்கில் போட்டி மூன்று ஊர்களுக்கு இடையில்.

முதலில் எல்லோரும் சொல்வது போர்கர். சொல்வதில் தப்பில்லை. நாட்டிலேயே பெரிய ஹூனபெட் அங்கேதான்: டி27 என்று எண், நீளம் 22 மீட்டருக்கு மேல், மேலே 9 கூரைக் கற்கள், அதில் கனமானது சுமார் 20 டன். 1685இல் டீசியா ப்ரோங்கர்ஸ்மா என்ற பெண் கவிஞர் ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தது இதைத்தான். பக்கத்திலேயே அருங்காட்சியகம். கற்கள் எப்படி வந்தன என்பது அங்கே போனால்தான் தெளிவாகப் புரியும். மனிதர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இழுத்து வரவில்லை. சுமார் ஒன்றரை லட்சம் வருடத்துக்கு முன் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன கற்கள். மண்ணில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் எலும்பெல்லாம் கரைந்துவிட்டது, மிஞ்சியது பானைகள்தான். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், போர்கர்தான். கற்காலக் குடிசைகள் கட்டிவைத்திருக்கிறார்கள், பொழுது போய்விடும்.

ஆனால் அமைதி தேடிப் போகிறவருக்கு போர்கர் கொஞ்சம் ஏமாற்றம். பள்ளிக்கூடப் பேருந்து வந்து நின்றால் முடிந்தது கதை. அப்போது சைக்கிளை ப்ரோன்னெகர் பக்கம் திருப்புங்கள். இரண்டு கிலோமீட்டர் போல வரும். அந்தச் சின்னக் கிராமத்தை ஒட்டி ஐந்து ஹூனபெட்கள், டிக்கெட் கவுண்டர் கிடையாது.

ஹாவெல்தே தென்மேற்கு மூலையில் இருக்கிறது. கீத்தோர்ன் பக்கம் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். கார் இருந்தால் இது பெரிய வசதி. திறந்த புல்வெளியும் ஹீத் செடிகளும், நடுவே டி53, டி54 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஆகஸ்ட் கடைசியில் செடிகள் ஊதாவாகப் பூக்கும். காட்சிக்கு மூன்றிலும் இதுதான் முதல் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

டி53க்கு ஒரு தனிக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அங்கே விமானத்தளம் கட்டினார்கள். ஹூனபெட் இடைஞ்சல் என்று கல் கல்லாகப் பிரித்து, குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள். 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதில் தளம் நாசமானது. அந்தப் பள்ளங்களை இப்போதும் பார்க்கலாம். நல்லவேளை, வான் ஹிஃபென் என்ற தொல்லியல் பேராசிரியர் 1918லேயே அதை அகழ்ந்து அளந்து வரைந்து வைத்திருந்தார். அந்த வரைபடத்தை வைத்துத்தான் போருக்குப் பின் மறுபடி அடுக்கினார்கள். டி27, டி53 என்று எண் கொடுத்ததும் அவர்தான். ஆக, ஹாவெல்தேயில் நாம் தொட்டுப் பார்க்கும் கல் ஐயாயிரம் வருடத்துக் கல், அது நிற்கும் நிலைக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. இது சிலருக்கு உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை.

அப்படியும் என் ஓட்டு ரோல்டேக்குத்தான். காரணம் சாதாரணமானது: கார் வேண்டாம். ஆசென் வரை ரயில், ஸ்டேஷனிலேயே வாடகை சைக்கிள், அரை மணிக்குள் ஊர். சைக்கிள் பாதை நேராக, மேடு பள்ளம் இல்லாமல் போகும். தூரத்திலிருந்தே யாகோபுஸ் சர்ச் கோபுரம் தெரியும். 15ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம். அதன் பின்னால் இரண்டு நிமிடம் நடந்தால் மரத்தடியில் டி17, டி18. காவலும் இல்லை, கட்டணமும் இல்லை. 1734இலேயே ட்ரெந்தெ நிர்வாகம் இந்தக் கற்களை யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கடற்கரை அணைகளின் மரத் தடுப்புகளைக் கப்பல்புழு அரித்துவிட, அதற்குப் பதிலாகக் கல் வேண்டும் என்று ஹூனபெட்களைப் பெயர்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

குந்தி உட்கார்ந்து பாருங்கள். பக்கக் கற்கள் வெளிப்புறம் உருண்டை, உட்புறம் மட்டம். தட்டையான முகம் உள்ளே பார்க்கிற மாதிரிதான் நிறுத்தியிருக்கிறார்கள். பெருங்கற்களுக்கு நடுவே இருந்த சந்துகளைச் சிறு கற்களால் அடைத்து, மேலே மண் மூடியிருந்தார்கள். முழுசாக மூடியிருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய ஸ்கோனோர்ட் பக்கத்துக் காட்டில் டி49 போக வேண்டும். பாதியை மட்டும் மண்மேடாக்கிக் காட்டியிருக்கிறார்கள். ரோல்டேயில் அந்தச் சிறு கற்கள் எப்போதோ போய்விட்டன. போன முறை திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்கலாமே என்று குனிந்து உள்ளே நுழைந்தேன். தண்ணீர் நேராகக் கழுத்துக்குள் இறங்கியது. கடைசியில் சர்ச் வாசலுக்கு ஓடித்தான் ஒதுங்கினேன்.