வோலினி ஜெல்: ஜில்லென்று இருப்பது ஒன்று, வீக்கத்தைக் குறைப்பது இன்னொன்று

டியூபின் பின்பக்கப் பொடி எழுத்தில் நான்கு சரக்கு: டைக்ளோஃபினாக் டையெத்திலமைன் 1.16 சதவீதம், மெத்தில் சாலிசிலேட் 10, மென்தால் 5, ஆளிவிதை எண்ணெய் 3. தடவியதும் ஜில்லென்று ஏறி, பிறகு லேசாகச் சுடுவது மென்தாலும் சாலிசிலேட்டும் தோல் நரம்புகளுக்குக் காட்டும் வேடிக்கை. வலி சற்று மறக்கும், அவ்வளவுதான். வீக்கத்தைக் கவனிப்பது முக்கியமாக டைக்ளோஃபினாக். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புராஸ்டாகிளான்டின் என்ற பொருள் உருவாவதை அது தடுக்கிறது. ஆஸ்பிரினும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் காட்டிய பிரிட்டிஷ் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாராசிட்டமால் வலியை இறக்கும், வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது.

வீக்கத்தை அடக்கினால் காயம் ஆறுவது தள்ளிப்போகாதா? எலிச் சோதனைகள் பலவற்றில் டைக்ளோஃபினாக் வகை மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தியதுண்டு. மனிதர்களிடம் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எலும்பு முறிந்தவர் வாரக்கணக்கில் இந்த வகை மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்பது நல்லது. சுளுக்குக்கு நாலைந்து நாள் ஜெல் தடவ அந்தப் பயம் வேண்டாம். மாத்திரையோடு ஒப்பிட்டால் ஜெல்லின் டைக்ளோஃபினாக் சுமார் 6 சதவீதம்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதற்காக ஜெல் தடவினால் சுளுக்கில் கிழிந்த மூட்டு நார் சீக்கிரம் கூடிவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

பலரும் ஏமாறுவது அளவில். பட்டாணி அளவு பிதுக்கித் தடவினால் மிஞ்சுவது வாசனைதான். டைக்ளோஃபினாக் ஜெல்லின் வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. 2 கிராம் என்பது ஏறக்குறைய ஓர் அருநெல்லிக்காய். முழங்காலுக்கு 4 கிராம் வீதம் நான்கு வேளை போட்டால் 30 கிராம் டியூப் இரண்டு நாள் தாங்காது! மூட்டுத் தேய்மானத்துக்கு மாதக்கணக்கில் தடவுகிறவர்கள் மென்தால் சேராத வெறும் டைக்ளோஃபினாக் ஜெல்லை வாங்கலாம். கணுக்கால், முழங்கால், கைவிரல்களில் நன்றாகக் கேட்கும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே காசு வீண்.

மெல்லப் பூசினால் போதும். முதல் இரண்டு நாள் அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். மேலே வெந்நீர் ஒத்தடமோ இறுக்கக் கட்டோ போட்டால் தோல் வெந்துபோகலாம். ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வருபவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்கள் தாமாக வாங்கித் தடவக் கூடாது. கணுக்கால் மடங்கி, ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லையென்றால், டியூபைத் தேடாமல் எக்ஸ்ரே எடுக்கப் போகவும்.