கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம்: சந்தா கட்டிச் சேரலாமா?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கும், அதை அடுத்துள்ள எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளுக்கும் புதிதாகக் குடிவருகிறவர்கள், வாடகையையும் தண்ணீர் வசதியையும் விசாரித்த கையோடு, அந்தப் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சேர்ந்தால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். எங்கள் பகுதிச் சங்கத்துக்குச் சந்தா கட்டி, அதன் கூட்டங்களுக்கும் போய்வரும் உறுப்பினர் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பள்ளிக்கூடம், குற்றத் தடுப்பு, நிலப் பயன்பாடு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் சங்கம் சந்தா வாங்குகிறது. ஆகவே அந்த மூன்றையும் வைத்தே அதை மதிப்பிடுவது முறை.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் ஏற்கெனவே அமைத்துத் தந்திருக்கும் அவைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மக்களை அழைத்துச் சென்று, அங்கே அவர்கள் பேச்சு எடுபடும்படி செய்கிற வேலையில் இந்தச் சங்கம் மிகவும் நன்றாக இருக்கிறது. அவற்றின் இடத்தில் தானே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முற்படும்போதெல்லாம் அது கெட்டுப்போகிறது.

பள்ளிக்கூட வேலைதான் சங்கத்தின் தலைசிறந்த சேவை. கேரளத்தில் தமிழ் பேசுவோர் மொழிச் சிறுபான்மையினர். 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கேரள அரசும் பாடநூல்களைத் தமிழில் அச்சிட்டுத் தருகிறது. ஆனால் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவு அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்குமா என்பதை நடைமுறையில் முடிவு செய்வது ஆறாவது வேலை நாள் கணக்கெடுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் வரும் ஆறாவது வேலை நாளில் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்தே அந்த ஆண்டுக்கான ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. ஆகஸ்டில் பத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்தாலும் போன பணியிடம் அந்த ஆண்டு திரும்புவது கடினம்.

இதை நன்கு உணர்ந்த சங்கத்தார், ஏப்ரல், மே மாதங்களிலேயே வீடு வீடாகச் சென்று, பள்ளியில் சேரும் வயது வந்த பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொள்கிறார்கள். செங்கல் சூளைக்கும் தோப்பு வேலைக்கும் எல்லையின் இரு பக்கமும் மாறி மாறிப் போகும் குடும்பங்களில், மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்ற காரணத்தால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் பெற்றோருடன் தலைமையாசிரியர் அறை வரைக்கும் செல்கிறார்கள். ஓசையில்லாமல் நடக்கும் இந்த வேலை ஒன்றுக்காகவே சந்தாவை இருமடங்காகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒரு தொடக்கப் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத ஆசிரியர் நியமிக்கப்பட்டபோதும் சங்கம் நிதானமாகவே நடந்துகொண்டது. பள்ளி வாசலில் மறியல் செய்யலாம் என்று சிலர் கொதித்தார்கள். சங்கச் செயலாளர் அதற்கு இணங்கவில்லை. பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரவழைத்து, அங்கே தீர்மானம் எழுதவைத்தார். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தங்களுக்கு இவ்வளவு இடம் இருக்கிறது என்பதே பல தாய்மார்களுக்கு அன்றுதான் தெரியவந்தது. தீர்மானத்துடன் உதவிக் கல்வி அலுவலருக்குத் தமிழிலேயே மனு போனது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம் என்றும், பதிலும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்றும் வகை செய்திருக்கிறது. பயன்படுத்தாத உரிமை காலப்போக்கில் அலுவலர்களுக்கும் மறந்துவிடும் என்பதால், மனு எழுதும் ஒவ்வொரு முறையும் தமிழில் எழுதுவதைச் சங்கம் வழக்கமாக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தத் துறையில் ஒரே குறை மலையாளத்தைப் பற்றியது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை மலையாளத்தைத் தடுமாற்றமில்லாமல் எழுதக் கற்காவிட்டால், மேல்நிலை வகுப்பிலும் பிறகு அரசு அலுவலகங்களிலும் திண்டாடும். அதற்கென மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். கற்பித்தவர் மாற்றலாகிப் போனதும் அது நின்றுபோயிற்று. அதை மீண்டும் தொடங்க யாரும் அக்கறை காட்டாதது வருத்தமளிக்கிறது.

அடுத்தது குற்றத் தடுப்பு. வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம் ஆகிய சோதனைச்சாவடி வழிகளைத் தவிர, தோப்புகளின் ஊடே எல்லை கடக்கும் மண்பாதைகளும் இங்கே ஏராளம். வீட்டை உடைத்தவன் சில நிமிடங்களில் அடுத்த மாநிலத்தில் இருப்பான். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குக் கள் செல்வதால், கலப்படத்துக்கான ஸ்பிரிட்டைப் பதுக்குவோரும் இந்தப் பக்கம் தலைகாட்டுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்து ரேஷன் அரிசி இந்தப் பக்கம் கடத்தப்படுவதும் ஊரறிந்த செய்தி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்தால் செய்யக்கூடியது குறைவே என்றாலும், அந்தக் குறைந்த வேலையில் சிலவற்றை அவர்கள் பொறுப்பாகச் செய்கிறார்கள்.

கேரளக் காவல்துறை 2008ஆம் ஆண்டு தொடங்கிய, மக்களோடு இணைந்து காவல் பணி செய்யும் ஜனமைத்ரி திட்டத்தின்படி பகுதிக்கென ஒதுக்கப்பட்ட பீட் காவலரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள்; ஓணம், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல்துறையின் போல்-ஆப் செயலியில் முன்கூட்டியே தெரிவிக்க முதியவர்களுக்கு உதவுகிறார்கள். இவற்றைவிட முக்கியமானது புகார் எழுதும் உதவி. எங்கள் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எல்லைக்கு அந்தப் பக்கம் சந்தையில் நகையைப் பறிகொடுத்துவிட்டு வந்தபோது, ஒரு காவல் நிலையத்தில் அது தங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிவு செய்ய வகை செய்கிறது. பதிவு செய்ததைப் படித்துக்காட்டி, ஒரு நகலை இலவசமாகத் தரவும் சொல்கிறது. செயலாளர் உடன் சென்று இதை மரியாதையாக எடுத்துச் சொன்னபின் புகார் பதிவானது. மலையாளத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்டு, "நீங்க சொன்னதுதானுங்களே இருக்குது? சரின்னா மட்டும் கையெழுத்துப் போடுங்கம்மா" என்று செயலாளர் பொறுமையாக நின்றதை நான் பார்த்தேன்.

அதே சங்கத்தின் வாட்ஸாப் குழுவைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாக எழுத முடியவில்லை. தெருவில் புதிதாக ஒருவர் நடந்து போனால் அவருடைய புகைப்படம் குழுவில் ஏறிவிடுகிறது. அவர் பெரும்பாலும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கோ கட்டட வேலைக்கோ வந்த வடமாநிலத் தொழிலாளியாகவோ, பழைய துணி வாங்க வந்தவராகவோ இருப்பார். 'பிள்ளை பிடிப்பவர்' என்ற சொல் ஒரு முறை விழுந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற ஆளில்லை. 2018 பிப்ரவரியில் இதே பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடினார் என்று சொல்லி மது என்ற ஆதிவாசி இளைஞரைப் பிடித்துக் கட்டிவைத்து அடித்ததில் அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று கண்டது. அவரைப் பிடித்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். ஐயம் இருந்தால் 112 எண்ணுக்கு அழைக்க வேண்டும், படத்தைப் பரப்பக் கூடாது என்று நிர்வாகக் குழு ஒரு விதி எழுதாதவரை, இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தர என் மனம் ஒப்பவில்லை. தெருமுனைகளில் வைத்த கேமராக்களின் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கும் எழுத்துவடிவில் எதுவும் இல்லை.

நிலப் பயன்பாட்டில்தான் சங்கம் பெரிதும் ஏமாற்றமளிக்கிறது. இந்தப் பகுதி வயல்கள் ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீரை நம்பியவை. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், தண்ணீர் தாமதப்படும் பருவத்தில் கடைமடை வயல் தரிசாகிறது, தரிசானதும் அதன்மேல் மனைத் தரகரின் கண் விழுகிறது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கவே வந்தது. வயல்களின் விவரம் ஊராட்சிதோறும் டேட்டா பேங்கில் இருக்கிறது. மண் கொட்டி நிரப்புவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. நிரப்பிய வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி உத்தரவிட மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரமும் உண்டு.

இவ்வளவு இருந்தும், வாய்க்கால் ஓரத்து வயலொன்றில் தொடர்ந்து வந்த விடுமுறை நாட்களில் இரவோடு இரவாக லாரிகள் மண் கொட்டியபோது, சங்கம் கிருஷி பவன் என்னும் வேளாண் அலுவலகத்துக்கோ வில்லேஜ் ஆபீசுக்கோ ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அலுவலகங்கள் பூட்டியிருக்கும் நாளைப் பார்த்தே மண் அடிப்பார்கள் என்பது கேரளத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "முதலில் நாமே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவோம்" என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. பேசி முடிப்பதற்குள் வயல் மேடாகிவிட்டது. குழுவில் சிலருக்கு மனை விற்பனையில் பங்கு இருப்பது ஊருக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்வது நிலம் விற்பதற்காக அல்ல. அந்தப் பொருள் விவாதத்துக்கு வரும்போது எழுந்து வெளியே போகாமல் உட்கார்ந்து வாக்களிப்பதற்காக.

தமிழ்நாட்டிலிருந்து வந்து பத்து சென்ட் வாங்கி வீடு கட்ட நினைப்பவர்களுக்குச் சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியையும் அது செய்வதில்லை. வில்லேஜ் ஆபீசின் அடிப்படை வரிப் பதிவேட்டில் 'நிலம்' என்றிருந்தால் அது நெல்வயல் இனத்தைச் சேர்ந்தது. எளிதில் வீடு கட்ட வேண்டுமானால் 'புரையிடம்' என்றிருக்க வேண்டும். டேட்டா பேங்கில் தவறாக ஏறிய இடத்தை நீக்கக் கோட்ட வருவாய் அலுவலருக்கு 5ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாலும், அதற்கு ஆகும் அலைச்சல் பெரிது. முன்பணம் கொடுக்கும் முன் இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பிக்கும். பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு தாள் அச்சிட்டவர்களுக்கு இதற்கும் ஒன்று அச்சிடுவது கடினமல்ல.

கிராம சபையிலும் இந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்கிறேன். 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டப்படி அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்; வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். பள்ளிக் கட்டடத்துக்கு நிதி கேட்ட முறை, சங்கம் அழைத்துவந்த கூட்டத்தால் அந்த எண்ணிக்கை நிறைந்து தீர்மானமும் நிறைவேறியது. வயல் விவகாரம் அங்கே எழுப்பப்படவே இல்லை. குடும்பஸ்ரீ என்னும் கேரள மகளிர் சுயஉதவித் திட்டத்தின் அயல்கூட்டப் பெண்கள் கிராம சபைக்குத் தவறாமல் வருகிறார்கள், தெருவின் நிலையையும் நன்கு அறிந்தவர்கள். அவர்களில் ஒருவர்கூடச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களிடம் சந்தா வாங்குகிறார்கள், வாக்கு மட்டும் கிடையாது. இது அநியாயம்.

ஆயினும் சேருங்கள் என்றே சொல்வேன். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சந்தா நிச்சயம் வீண்போகாது. தனியே வாழும் முதியவர்களுக்கும் பயன் உண்டு. இடம் வாங்குவதற்காக ஆலோசனை தேடி வருகிறவர்கள் மட்டும் சங்கத்தை நம்பாமல் நேரே வில்லேஜ் ஆபீசுக்கும் கிருஷி பவனுக்கும் போய்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதத்துக்கு முன் சேர்ந்தால் சேர்க்கைப் பணியில் கைகொடுக்கலாம். வாடகைதாரர்கள் சந்தாவுக்கு ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: வாடகைதாரருக்கு வாக்குரிமை, புகைப்படம் பரப்பத் தடை, நிலத்தில் பங்குள்ளவர் அந்த விவாதத்திலிருந்து விலகுதல் ஆகிய மூன்று விதித் திருத்தங்களை ஆண்டுப் பொதுக்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், முதல் திருத்தம் நிறைவேறினால் வாக்களிக்க அந்த ரசீது தேவைப்படும்.