எஞ்சினை உள்ளே தள்ளிப் பூட்டினால் ரொக்கெட் ஏன் எழும்பாது?

மாதிரி ரொக்கெட்டின் வால்பக்கத்தில் எஞ்சின் துருத்திக்கொண்டு நிற்பது பலருக்குப் பிடிப்பதில்லை. குழாய்க்குள் தள்ளிப் பூட்டினால் பார்வைக்கும் வடிவு, நேராகப் பறக்க உதவும்படி புவியீர்ப்பு மையமும் முன்னுக்குப் போகும். இரண்டு விதமாகவும் கட்டிப் பல பருவம் பறக்கவிட்டதில் எங்கள் முடிவு இதுதான்: எஞ்சினில் வாயு வெளியேறும் துளையான நொசில், குழாய் வாயிலிருந்து குழாயின் ஒரு உள்விட்டத் தூரத்துக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

போனால் என்ன நடக்கும்? பொத்தானை அமத்தியதும் வழக்கமான கூரிய சீறல் வராது. அடைபட்ட உறுமல்தான் கேட்கும். ரொக்கெட் ஏவுகம்பியில் அரைவாசி ஏறும், அல்லது நின்ற இடத்திலேயே எரிந்து முடியும். எஞ்சின் ஈரம் பிடித்துவிட்டது என்றுதான் உடனே சொல்வார்கள். குழாயின் உட்பக்கத்தைப் பாருங்கள். நொசிலுக்குச் சற்றுக் கீழிருந்து வாய்வரை சுற்றிவரக் கருகி, மட்டை படைபடையாகக் கழன்றிருந்தால் எஞ்சினில் பிழை இல்லை.

இதற்குக் குருஷ்னிக் விளைவு என்று பெயர். நொசிலை விட்டு வரும் வாயு விரிந்து குழாயை நிரப்பிக்கொண்டு, பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வாயை அதுவே அடைத்திருப்பதால் புதுக் காற்று உள்ளே வர வழியில்லை. எஞ்சினின் பின்புறத்தில் அமுக்கம் விழ, முன்னாலுள்ள வளிமண்டலம் ரொக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 40 மில்லிமீற்றர் உள்விட்டக் குழாயின் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர சென்ரிமீற்றர். அங்கே அமுக்கம் 5 வீதம் குறைந்தாலே உந்துவிசையில் 6 நியூட்டனுக்கு மேல் இழந்துபோகும். மாதிரி ரொக்கெட்டுகளில் வழக்கமாகப் போடும் சி6 என்ற சிறிய எஞ்சினின் பெயரிலுள்ள 6 என்பதே அதன் சராசரி உந்துவிசை, மிச்சம் ஒன்றுமில்லை. 24 மில்லிமீற்றர்க் குழாயில் அதே 5 வீதத்துக்கு இழப்பு 2.3 நியூட்டன். அகலக் குழாயில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

புவியீர்ப்பு மையத்துக்காக இதைச் செய்வது வீண் வேலை. சி6 சுமார் 24 கிராம். அதை 30 மில்லிமீற்றர் முன்னே தள்ளினால் கிடைக்கும் பலன், மையத்திலிருந்து 250 மில்லிமீற்றர் முன்னாலுள்ள மூக்கில் 3 கிராம் பிளாஸ்டிசின் வைத்தாலே கிடைக்கும். எஞ்சின் 6 மில்லிமீற்றர் வெளியே நீண்டிருக்கட்டும். எரிந்த பிறகு பிடித்து இழுக்கவும் அதுதான் வசதி.

தோற்றத்துக்காக உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றால், நொசில் மட்டத்தில், எஞ்சினைக் குழாயின் நடுவில் பிடிக்கும் பின் மட்டை வளையத்துக்குச் சற்றுக் கீழே, குழாய்ச் சுவரில் காற்றுத் துளை விடுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு வாயின் பரப்புக்குக் குறையக் கூடாது. 24 மில்லிமீற்றர்க் குழாய்க்கு 12 மில்லிமீற்றர்த் துளை நான்கு, செட்டைகளுக்கு இடையில். அதைவிடச் சிறிய துளைகளால் பெரிய பயன் இல்லை. வெட்டிய விளிம்புக்கு மெல்லிய பசை பூசி அரத்தாளால் தேயுங்கள். இல்லாவிட்டால் மட்டை அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும்.

உந்துவிசை குறைந்த ரொக்கெட் கம்பியை விட்டு மெதுவாகத்தான் கிளம்பும். சோளகம் வீசுகிற மாதங்களில் செட்டைக்கு வேகம் பிடிபடுவதற்குள் காற்று அதைச் சரித்துவிடும். எழும்பாமல் நின்று எரிவது அதிலும் ஆபத்து: அறுவடை முடிந்த வயலில் காய்ந்த தாள் உடனே பற்றும். எஞ்சின் தீயைத் தடுக்கும் தகரத் தட்டுக்கு அடியிலும் சுற்றிவர ஒரு மீற்றருக்கும் தாளைச் செதுக்கி, தண்ணீர் வாளியோடு நில்லுங்கள்.