மாடி அறைக்கு லேன் கேபிள்: இரண்டு வருஷம் கழித்து

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு லேன் கேபிள் (மோடமிலிருந்து நெட்டைக் கொண்டுபோகும் ஒயர்) இழுத்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. போன வாரம் இடியில் மோடமில் அந்தக் கேபிளைச் செருகும் லேன் போர்ட் எரிந்துபோய், பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரச்சினையே அங்கேதான். கீழ்த்தளம் தாத்தா கட்டியது. இந்தப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை, சுவர் முழுக்கக் கருங்கல், ஒன்றரை அடிக்குக் குறையாத கனம். அதற்கு மேல் அப்பா போட்ட கான்கிரீட் தளம், உள்ளே நெருக்கமாகக் கம்பி. பைபர் மோடம் கீழே முன் கூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு 95 வரை வரும். மாடியில் என் மேசையில் ஏழு, எட்டுதான். நான் பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். மீட்டிங்கில் நான் பேசுவதில் பாதி அந்தப் பக்கம் போய்ச் சேராது.

யாரைக் கேட்டாலும் சொன்ன ஒரே பதில், பிளானை ஏற்றுங்கள் என்பதுதான். மோடம் வரைக்கும் வேகம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அதற்கப்புறம் சுவரில்தான் போகிறது என்றால், மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிற பணம் என்ன செய்யும்? ஸ்பீட் டெஸ்டை மோடம் பக்கத்தில் ஒரு முறை, அறையில் ஒரு முறை எடுத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அதைச் செய்யச் சொல்லாமல் பிளான் விற்பவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கேபிளுக்கு முன்னால் மற்றதையும் முயன்றேன். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கருங்கல்லைத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனால் தெரு முழுக்க எல்லார் வீட்டு வைஃபையும் அதில்தான். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மோடம் தானே சேனலைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோவில் இருந்ததை மாற்றி 11இல் நிறுத்தியதும் ராத்திரி நேரத்தில் கொஞ்சம் தேறியது. ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படி திருப்பத்தில் வைத்தேன். சிக்னல் முழுசாகக் காட்டும், வேகம் வராது. சாதாரண ரிப்பீட்டர் வாங்கிய டேட்டாவை அதே சேனலில் திரும்பவும் அனுப்புகிறது, அதனால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். கரண்ட் ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று பேஸ், கூடம் ஒரு பேஸில், மாடி அறை இன்னொன்றில். பேஸ் மாறினால் அதில் சிக்னல் தேயும் என்பதால் அதைத் தொடவில்லை.

கடைசியில் கேட் 6 என்ற வகை லேன் கேபிள். சுவருக்குள் பைப் இல்லாத வீடு என்பதால் வெளிச்சுவர் ஓரமாக பிவிசி பைப்பில் ஏற்றி, ஜன்னல் மூலையில் துளை போட்டு உள்ளே கொண்டுவந்தோம். கரண்ட் லைன் போகிற பைப்பைத் தவிர்த்துத் தனி பைப். மேல் முனையில் பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டியாக வைத்தேன். அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற வேலை) அணைத்து, மோடமின் முகவரியோடு மோதாதபடி ஐபி முகவரியை மாற்றி, கேபிளை வெளி நெட்டுக்கான வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகினால் போதும். லேப்டாப்புக்கு நேராக ஒயர், போன்களுக்கு மாடியிலேயே வைஃபை.

அன்றிலிருந்து மீட்டிங்கில் என் குரல் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. வேகத்தைவிட இதுதான் பெரிசு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். ஒயரில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கும். மேலிருந்து மோடத்துக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) அடித்தால் ஒரு மில்லி செகண்டுக்குள் பதில் வருகிறது, ராத்திரி பத்து மணிக்கும் அதேதான்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கீழே இருந்து வந்தது. அம்மா டிவியில் சீரியல் பார்க்கும்போது நடுவில் நின்று நின்று போகும், அதுவும் நின்றுவிட்டது. தூரத்தில் சிக்னல் இல்லாமல் திணறும் கருவி மெதுவாகப் பேசும், மெதுவாகப் பேசுவதால் அதிக நேரம் சேனலைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற டிவிக்குக்கூட முறை வராது. வரிசையில் முதலில் நிற்பவர் பத்து பத்துப் பைசாவாக எண்ணிக் கொடுக்கிற மாதிரி. என் லேப்டாப் காற்றை விட்டு இறங்கியதும் வீட்டில் எல்லாருக்கும் வழி கிடைத்தது. ஒரே ஒரு கருவியை ஒயருக்கு மாற்றினால் மற்றவர்களின் வைஃபையும் தேறும் என்பதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை.

சரி, கோபத்துக்கு வருகிறேன். போன வருஷம் பிளானை 200க்கு மாற்றினேன். கீழே வைஃபையில் 190க்கு மேல் வந்தது, மேலே ஒயரில் 94இல் நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் 94. லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு, அதாவது ஒயர் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்த்தால் 100/100. 100க்கு மேலான பிளானில் இப்படி 94, 95இல் ஆணி அடித்த மாதிரி நின்றால் சந்தேகமே வேண்டாம், இணைப்பு 100க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கனெக்டரைக் கழற்றினால், எட்டு ஒயரில் நாலுதான் உள்ளே போயிருக்கிறது, மற்ற நாலும் உறையோடு வெட்டப்பட்டிருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “நாலு போதும்ணா, மத்தது சும்மாதான்” என்றார்.

நியாயமாகச் சொன்னால், அவர் நாள் முழுக்கச் செய்வது சிசிடிவி வேலை, கேமராவுக்கு நாலு ஒயர் தாராளம். கேபிளிலும் அவர் ஏமாற்றவில்லை. காப்பர் என்று சொல்லி, அலுமினியத்துக்கு மேல் காப்பர் பூசியதைத் தலையில் கட்டுவது இங்கே நிறையவே நடக்கிறது. பிளேடால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்தேன், அசல் காப்பர்தான். ஆனாலும் முழுக் கூலி வாங்கிக்கொண்டு பாதி ஒயரை வெட்டிப் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு முனையிலும் எட்டு ஒயரையும் வரிசையாக வைத்துத் கனெக்டரில் திரும்ப அழுத்திக் கிரிம்ப் செய்ததும் 190 வந்தது. உங்கள் வீட்டில் போடும்போது ஆள் கிளம்புவதற்குள் லிங்க் ஸ்பீடில் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். மோடமின் போர்ட்டையும் பாருங்கள், சில பெட்டிகளில் ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றது 100தான்.

அப்புறம் இந்த இடி. மாங்காய் முற்றுகிற நேரத்தில் இங்கே கோடை மழை மின்னலோடுதான் வரும். வீட்டு மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலும், வெளியே ஓடுகிற நீளமான காப்பர் ஒயரில் மின்னழுத்தம் ஏறும். தெருவிலிருந்து வரும் பைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. மோடம் வரை பத்திரமாக வந்த இணைப்பை என் கேபிள்தான் உள்ளே புகுந்து எரித்தது. கம்பெனிக்காரர்கள் இடிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று புதுப் பெட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டார்கள். வானம் கறுக்கத் தொடங்கும்போதே இரண்டு முனையையும் கழற்றிவிடு என்கிறார்கள். மீட்டிங் நடுவில் எப்படிக் கழற்றுவது?

இந்தக் கேபிளுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு மூன்றா என்று தோன்றலாம், இன்றைக்கு என்னால் அவ்வளவுதான் முடியும். வெளிச்சுவரில் போவதை மட்டும் கழற்றிவிட்டு, அங்கே பைபர் போட்டு இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (பைபரையும் லேன் ஒயரையும் இணைக்கும் சின்னப் பெட்டி) வைக்க விலை கேட்டிருக்கிறேன்.

தர்மபுரியில் பென்னாகரம் ரோடு பக்கம் வாடகைக்கு இருக்கிற நண்பர் நேற்று போனில், நானும் ஒயர் இழுக்கட்டுமா என்று கேட்டார். செங்கல் சுவர், இரண்டே அறை, துளை போட்டால் வீட்டுக்காரர் திட்டுவார். வேண்டாம் என்றேன். மோடத்தைப் பீரோ பின்னாலிருந்து எடுத்து நடுக் கதவுக்கு மேலே மாட்டச் சொன்னேன். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து லேப்டாப்பை அதில் மட்டும் சேர்க்கச் சொன்னேன். அதற்கும் போதவில்லை என்றால், கதவு இடுக்கில் போகிற தட்டைக் கேபிள் ஒன்று, வீட்டுக்குள்ளேயே.