விசைப்படகை விட்டு இறங்கினால்: ஆழ்கடலா, பாசியா, வளைகுடாவா?

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் கூலிக்குப் போகிற இளவட்டங்களிடம் ஏன் தொழில் மாற நினைக்கிறாய் என்று கேட்டால், பெரும்பாலும் 'குடும்பத்துக்காக' என்பார்கள். வளைகுடா நாட்டு மீன்பிடி வேலைக்கு விசா எடுத்தவனும் அதைத்தான் சொல்கிறான், கடல்பாசி வளர்க்க வந்தவனும் அதைத்தான் சொல்கிறான். ஒருவனுக்குக் குடும்பம் என்றால் தங்கச்சி கல்யாணக் கடனை அடைப்பது, இன்னொருவனுக்குப் பிள்ளை தூங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் எந்தத் தொழிலும் சரியாகத்தான் தெரியும். அதனால் வருமானக் கணக்குக்கு முன்னால் மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பணம் அனுப்புகிற ஆளா, பக்கத்தில் இருக்கிற ஆளா? முதலாளி இல்லாமல் இருப்பது எவ்வளவு முக்கியம்? கடன் இருந்தால் தூக்கம் வருமா?

சூரை மீன் (டூனா) பிடிக்கிற ஆழ்கடல் படகு கவர்ச்சியானது. இழுவைப்படகை விடுகிறவருக்கு மானியத்தில் இந்தப் படகு தருகிற அரசுத் திட்டம் 2017இல் தொடங்கியபோது ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 50%, மாநிலம் 20%, வங்கிக் கடன் 20%, நம் கையிலிருந்து 10%. அதாவது அப்போது 8 லட்சம் கையில் வேண்டியிருந்தது, 16 லட்சம் கடன், பழைய இழுவைப்படகையும் விட்டுவிட வேண்டியிருந்தது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், சூரைக்கு அங்கே வேலையில்லை. மன்னார் வளைகுடா வழியாக வெளியே போய் வாரக்கணக்கில் தங்க வேண்டும். இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையில், நடுவில் ஒருநாள் வீடு என்றே பழகியவர்களுக்கு இது பெரிய அடி. இலங்கைக் கடற்படை பயம் போகும் என்பது உண்மை, அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் திட்டம் படகு வைத்திருப்பவருக்கு. கூலிக்குப் போகிறவருக்கு அங்கேயும் கூலிதான்.

பாசி இதற்கு நேர் எதிர். கப்பாபைகஸ் என்கிற கடல்பாசியை 12க்கு 12 அடி மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை, முதல் குறைவு, ராத்திரி வீட்டில் சாப்பாடு. அப்புறம் கெட்டதையும் கேளுங்கள்: ஏறக்குறைய 10 கிலோ ஈரப்பாசி காய்ந்தால் 1 கிலோதான், விலையை வாங்குகிறவர்தான் சொல்கிறார், மீன் மேயும், தண்ணீர் சூடானால் வெளுத்து உதிரும், வாடைக்காற்றில் மிதவை தாங்காது. முதலாளி இல்லை என்று நினைத்து இறங்கியவருக்கு வியாபாரியே முதலாளியாகிவிடுவார். இன்னொன்றையும் நான் மறைக்க மாட்டேன். இந்தப் பாசி நம் கடலுக்குச் சொந்தமானது இல்லை, பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள்மேல் படர்ந்திருப்பதாக 2008இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். கடல் அடியைச் சுரண்டுகிற மடிவலை பிடிக்காமல்தான் விசைப்படகை விடுகிறேன் என்கிறவர், மிதவையை எங்கே போடுகிறோம், அறுந்து போகிற துண்டு எங்கே ஒதுங்குகிறது என்று யோசித்தே ஆக வேண்டும்.

பாசி என்றால் பெண்கள் வேலை என்று முகம் சுளிக்கிற ஆண்களும் இருக்கிறார்கள். தீவுக் கரைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்த பெண்களின் மூச்சுக்கு ஈடாக இவர்களில் எத்தனை பேர் நிற்பார்களோ. மரியாதைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் அதையும் வெளிப்படையாகக் கணக்கில் எழுதுங்கள், ஒளிக்காதீர்கள்.

வளைகுடா மீன்பிடி வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடனுக்குக் கெடு இருக்கிறது, இரண்டு மூன்று வருடம் பிரிந்திருக்க மனைவியும் மனதார ஒப்புக்கொண்டாள் என்றால் போகலாம். இலங்கைக் கடல் எல்லைக்குப் பயந்து போகிறவர் மட்டும் நின்று யோசியுங்கள்: அங்கேயும் எல்லை தாண்டியதாக நம் ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள்.

ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம், கடல் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்.

என் பார்வையில், பக்கத்தில் இருப்பதும் கடன் இல்லாததும் முதலில் வருகிறவருக்குப் பாசி. சொந்தப் படகும் கடனைத் தாங்கும் மனசும் இருக்கிறவருக்கு ஆழ்கடல். கெடு வைத்த கடன் தலைமேல் இருப்பவருக்கு மட்டும் வளைகுடா. இவற்றில் முன்கூட்டியே செய்து பார்க்க முடிவது பாசி மட்டும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பாசிக்கு 45 நாள் போதும். தெரிந்தவர் மிதவையில் ஒரு சுற்று கூலிக்கு நின்று பாருங்கள், சித்திரை வெயிலில் பாசி சுணங்கும், அந்த மோசமான வருமானத்தோடு வீட்டுச் செலவு ஓடுகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள்.