1994இல் வாங்கிய லேடீஸ் சைக்கிள்: இன்றுவரை ஓடிய அனுபவம்

ரியூசனுக்குப் போய்வர 1994இல் அப்பா வாங்கித் தந்த சைக்கிள் இது. 26 அங்குலச் சில்லு, பின்னால் கரியர், முன்னால் கூடை. இன்றைக்கும் கொக்குவிலில் இருந்து யாழ்ப்பாண டவுணுக்கு இதில்தான் வேலைக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் இவ்வளவு காலம் உழைத்த சாமான் வேறு கிடையாது.

ரயர், ரியூப் எத்தனை தரம் மாற்றினேன் என்று கணக்கில்லை. செயின் நாலு தரம், சீற் இரண்டு தரம். பிறேக் கட்டை வருடத்துக்கு ஒருக்கால். மற்றபடி ஹாண்டிலும் பெல்லும் அன்று வந்தவைதான். உப்புக்காற்றுக்கு ரிம் கெதியாகக் கறள் பிடிக்கும். பண்ணைக் கடல் பக்கம் போய்வந்த நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் படுப்பேன். செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டுப் போதும். கூட விட்டால் செம்மண் அப்பிப் பிடித்துச் செயினை அராவிவிடும், சீலைக் கரையும் நாசம்.

டைனமோவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். நான் அதை வெளிச்சத்துக்குப் பாவித்ததைவிட ரேடியோவுக்குப் பாவித்ததுதான் அதிகம். அப்போது போர்க்காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. ரேடியோவின் நாலு பற்றரிக்குரிய 6 வோல்ட் டைனமோவில் இருந்தது. இடையில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட் வைத்து வயர் இழுத்துத் தந்தார் பக்கத்து வீட்டு அண்ணா. முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பீபீசி தமிழோசை கேட்போம். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அதனால் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று அப்பம்மா முறை வைத்தார். தன் முறைக்கு அவரும் சுற்றினார்.

போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு அதே அப்பம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் அரிசிப் பையைக் கொழுவி, மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டினோம். ஓட இடமில்லை, சனம். முழுத்தூரமும் உருட்டிக்கொண்டுதான் போனேன். அந்தப் பாரத்துக்குக் கரியர் ஒரு பக்கம் சரிந்தது, இன்றும் சரிவாகத்தான் இருக்கிறது. நிமிர்த்தித் தருவதாகக் கடைக்காரர் பலமுறை கேட்டார், நான் விடவில்லை.

2022இல் பெற்றோல் செட்டுகளில் நாள்கணக்கில் வரிசை நின்றபோது, எங்கள் ஒழுங்கையில் கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்த சைக்கிள்கள் எல்லாம் கீழே இறங்கின. விடிய ஐந்து மணிக்கே படலையில் தட்டிக் காற்றடிக்கப் பம் கேட்பார்கள். பெற்றோலைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் கோட் வந்து வரிசை குறைய, அவை திரும்பவும் கூட்டுக்கு மேலே ஏறிவிட்டன. அதுதான் எனக்கு மனவருத்தம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வளவுகளில் துண்டுச்சீட்டுத் தந்து சைக்கிளை வாங்கி வைக்கிறார்கள். அந்த மரியாதை மற்ற நாட்களில் எங்கே போகிறது? புதிதாகக் கட்டும் கடைகளிலும் மண்டபங்களிலும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றும் சைக்கிளில் போகிறார்கள்! ஒரு மூலையில் பத்துச் சைக்கிளுக்கு இடம் விட்டால் என்ன குறைந்துவிடும்?

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சீலையோடு சைக்கிளில் போனேன். மண்டப வாசலில் நின்ற காவலாளித் தம்பி, "அன்ரி, சைக்கிளை உள்ளுக்கு விட ஏலாது, வெளியில விடுங்கோ" என்றார். மதகில் சாத்திவிட்டுப் போனேன். தாலிகட்டு முடியும்வரை மனம் முழுக்க மதகடியில்தான். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனால், சமையல்கூடச் சுவரோடு ஒரு பழைய சைக்கிள். பின் மட்காட்டைக் கம்பியால் கட்டியிருந்தது. யாருடையது என்று கேட்டேன், அந்தத் தம்பியுடையதுதான்.

வெளிக்கிடும்போது அவரே வந்து என் சைக்கிளை மதகில் இருந்து எடுத்துத் தந்தார். "அன்ரி, அடுத்தமுறை பின்பக்கத்தால வாங்கோ, என்ர சைக்கிளுக்குப் பக்கத்தில விடலாம்" என்றார். மட்காட்டுக்குக் கம்பி கட்டினால் ரயரில் உரசும், ஒரு சின்ன ஆணியும் நட்டும் போட்டால் சரி என்று சொல்லி, நான் வழமையாகப் போகும் கடைக்கு வழியும் காட்டிவிட்டு வந்தேன்.